குழாயில் பேர் எழுதினீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையோடு வந்த இணைப்பில் பி.ஆர்.பி. சிகிச்சையைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நம் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, பிளேட்லெட் என்ற தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரை (பிளாஸ்மாவை) மட்டும் பிரித்துத் திரும்ப நமக்கே ஊசியாகப் போடுவதுதான் பி.ஆர்.பி. சொந்த ரத்தத்தை எடுத்தே முடி வளர்க்கலாம், முகத்தில் இருக்கும் மங்கு, பருத் தழும்பு, கருவளையம் எல்லாவற்றையும் போக்கலாம் என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். அது கட்டுரையா விளம்பரமா என்று கடைசி வரைக்கும் பிடிபடவில்லை, அடியில் மட்டும் ஒரு கிளினிக்கின் போன் நம்பர் இருந்தது. சொந்த ரத்தம்தானே, பக்கவிளைவே கிடையாது என்று மூன்று இடத்தில் வருகிறது. மூன்றாவது தடவை அதைப் படித்தபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். 22 வருடமாக ரத்தம் எடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இந்தச் சிகிச்சை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ரத்தத்தைக் குழாயில் பிடிப்பது, சுற்றுவது, பிரிப்பது, எந்தக் குழாய் யாருடையது என்று கடைசிவரை தவறவிடாமல் பார்த்துக்கொள்வது, இது என் வேலை. பி.ஆர்.பி.யில் பாதி இதுதான். அந்தப் பாதியைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வருடம் நவம்பர் மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் 42,000க்கு இறங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பப்பாளி இலைச் சாறு வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்ல, எப்படியோ தேறி வீட்டுக்கு வந்தாள். பொங்கல் கழிந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது என்றால் சாதாரணமாக இல்லை. தலைக்குக் குளித்தால் பாத்ரூம் ஜாலியில் தண்ணீர் இறங்காது. தலையணை, துப்பட்டா, சாப்பிடும் தட்டு என்று எல்லா இடத்திலும் முடி. இடுப்புக்குக் கீழே கனமாகத் தொங்கிய சடை இரண்டு மாதத்தில் எலிவால் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று வகிடை விரலால் அளந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் ராத்திரி, அம்மா எனக்கு வழுக்கை விழுந்துருமா என்று கேட்டு அழுதாள். அந்த நேரத்தில் எந்த அம்மாவுக்கும் புத்தி நிதானமாக வேலை செய்யாது. எனக்கும் செய்யவில்லை.

அவள் தோழி ஒருத்தி சொன்னாள் என்று ஒரு கிளினிக்குக்குப் போனோம். பேர் சொல்ல விரும்பவில்லை. ஏசி ஹால், கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க முன், பின் என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தார், கவுன்சலர் என்றார்கள். ஒரு சின்ன கேமராவைத் தலையில் வைத்து, மண்டைத் தோலைப் பெரிய டிவியில் காட்டினார். இப்படியே ஆறு மாசம் விட்டா வேர் செத்துரும் ஆன்ட்டி, ஆறு சிட்டிங் பி.ஆர்.பி. போட்டா நின்னுரும் என்றார். ஆறு சிட்டிங் பேக்கேஜ் 36,000 ரூபாய், அன்றைக்கே அட்வான்ஸ் 5,000. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மாதவிடாய் ஒழுங்காக இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், ஒரு கேள்வி இல்லை. டாக்டரைப் பார்க்கணுமே என்று கேட்டதற்கு, டாக்டர் மதியம் வருவாங்க, ப்ரொசீஜர் நாங்களே பண்ணிருவோம் என்றார்கள். பணத்தைக் கட்டினேன். நான் கட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

உள்ளே ஒரு சின்ன அறை, இரண்டு கட்டில். ஒன்றில் ஏற்கெனவே ஒரு தம்பி தலையில் மரத்துப்போகும் க்ரீம் தடவிக்கொண்டு படுத்திருந்தார். ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஊசியைப் புதிதாகத்தான் பிரித்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தம்பியிடம் இரண்டு குழாய், என் மகளிடம் இரண்டு குழாய் எடுத்தார். எடுத்த ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டி ட்ரேயிலேயே வைத்தார், எங்கள் லேபில் அதைச் செய்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கண்டிப்பார்கள். நான்கு குழாயையும் கொண்டுபோய், ரத்தத்தை வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் வைத்தார். நான்கிலும் பேர் இல்லை. ஒட்டும் லேபிள் இல்லை, மார்க்கரில் ஓர் எழுத்துகூட இல்லை.

பேர் எழுதலையாம்மா என்று கேட்டேன். எனக்குத் தெரியும் மேடம், இந்தப் பக்கம் இருக்கிறது உங்க பொண்ணோடது என்றார்.

இதை லேபுக்கு வெளியில் இருக்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சென்ட்ரிஃபியூஜ் என்பது ராட்டினம் மாதிரி. நடுவில் ஒரு வட்டம், அதில் சுற்றிலும் துளைகள், துளைகளில் குழாய்கள். எடை சமமாக இல்லாவிட்டால் மெஷின் ஆட்டம் போடும், அதனால் ஒரு குழாய் வைத்தால் அதற்கு நேர் எதிரே அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டும். ஒரே ஆளின் ஒரு குழாய்தான் இருக்கிறது என்றால் எதிரே தண்ணீர் ஊற்றிய குழாயை வைப்போம். சரி, வட்டம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. பத்து நிமிடம் கழித்து நிற்கும்போது எந்த இடத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் வைத்தது அந்தப் பக்கம் நிற்கும். அதற்குத்தான் துளைக்கு நம்பர் போட்டிருப்பார்கள், குழாயில் பேர் எழுதியிருப்போம். நான் எழுந்து போய் அந்த மெஷின் நின்ற பிறகு உள்ளே பார்த்தேன். துளை நம்பர்கள் தேய்ந்துபோயிருந்தன. நான்கு குழாயிலும் அடியில் சிவப்பு, மேலே வெளிர் மஞ்சள், நல்லெண்ணெயில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு நிறம். யார் உடம்பிலிருந்து எடுத்தாலும் பெரும்பாலும் அதே நிறம்தான். எதும்மா என் பொண்ணோடது என்று கேட்டேன். அந்தப் பெண் நான்கையும் மாறி மாறிப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கட்டில் ஓரத்தில் இருந்த தம்பியிடமும் சொன்னேன், அவரும் எழுந்துவிட்டார். அட்வான்ஸ் பணம் திரும்பி வராது என்றார்கள், இன்றுவரை வரவில்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னிடம் வேலைக்கு வருகிற டிரெய்னிப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் ஊசி பிடிக்கவே விடமாட்டேன், பேர் கேட்கத்தான் சொல்லிக்கொடுப்பேன். நீங்க சுமதியா என்று கேட்கக்கூடாது, பதற்றத்தில் இருக்கிறவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். உங்க பேர் என்ன, வயசு என்ன என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு அவர்கள் கண் முன்னாலேயே குழாயில் எழுத வேண்டும். ரிப்போர்ட் மாறிப்போனாலே எவ்வளவு பெரிய வம்பு என்பதை நாங்கள் அறிவோம். இங்கே மாறப்போவது காகிதம் இல்லை. இன்னொருவர் ரத்தத்திலிருந்து எடுத்ததை ஊசியில் ஏற்றி என் மகள் தலையில் நூறு இடத்தில் குத்துவார்கள்.

அதனால்தான் சொந்த ரத்தம், பக்கவிளைவு இல்லை என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சொந்த ரத்தம் என்பது குழாயில் சொந்தப் பேர் இருக்கிற வரைக்கும்தான். பேர் இல்லாத குழாயில் இருப்பது யாரோ ஒருவரின் ரத்தம்.

இது நான் பயந்துபோய்ச் சொல்லும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி என்ற ஊரில் ஒரு ஸ்பா இருந்தது, அங்கே இதே பி.ஆர்.பி.யை முகத்தில் ஊசித் துளை போட்டுத் தடவுவார்கள். வாம்பயர் ஃபேஷியல் என்று பேர். 2013இல் அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் முகம் முழுக்க ரத்தத்தோடு தன் படத்தைப் போட்ட பிறகுதான் உலகம் முழுக்க இந்தப் பேர் பரவியது. 2018இல் 40 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஊசிப் போதைப் பழக்கம் இல்லை, ரத்தம் ஏற்றிக்கொண்டதும் இல்லை. சில மாதம் முன்னால் அந்த ஸ்பாவில் ஃபேஷியல் செய்துகொண்டது மட்டும்தான். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையலறை மேடையில் பேர் எழுதாத ரத்தக் குழாய்கள். ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு சேர்த்து இன்னும் சில பேர் எழுதாத குழாய்கள். பிரித்துப்போட்ட சிரிஞ்சுகள் மேஜை டிராயரிலும் சாதாரணக் குப்பைத் தொட்டியிலும். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டியதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு உரிமமே கிடையாது. கடைசியில் அந்த ஸ்பாவுக்குப் போன நான்கு பெண்களுக்கும், அவர்களில் ஒருவரின் துணைக்கும் எச்.ஐ.வி. என்று உறுதியானது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2024 ஏப்ரலில் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. அழகுக்காகப் போட்டுக்கொண்ட ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியதாக ஆவணமான முதல் நிகழ்வு அது. ஸ்பா நடத்தியவர் டாக்டர் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

எச்.ஐ.வி. என்றதும் எல்லோருக்கும் பயம் வரும். எங்களுக்கு அதைவிடக் கவலை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். தனக்கு அது இருப்பது தெரியாமலேயே பல வருடம் நல்லபடியாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால், ஆபரேஷனுக்கு முன்னால் டெஸ்ட் எடுக்க வந்த இடத்தில் முதல்முதலாகத் தெரிந்துகொண்டு என் முன்னால் அதிர்ந்துபோய் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பி.ஆர்.பி.க்கு முன்னால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் பார்த்துவிட வேண்டும் என்று நல்ல டாக்டர்கள் எழுதிக்கொடுத்து அனுப்புவது இதற்காகத்தான். அந்தக் கிளினிக்கில் ஒரு டெஸ்ட்கூட எடுக்கவில்லை.

பிளேட்லெட் எண்ணிக்கையும் பார்க்கவில்லை. எனக்கு இதுதான் ஆச்சரியம். பிளேட்லெட் என்ற சொல் நம் ஊரில் டெங்கு வந்த பிறகு எல்லோர் வாயிலும் வருகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருப்பது சாதாரணம். பி.ஆர்.பி. என்றால் அந்தத் தட்டணுக்களை ஒரு சின்ன அளவு பிளாஸ்மாவுக்குள் நெருக்கி, பல மடங்காக்குவது. பத்து லட்சம் அளவுக்கு வந்தால் நல்லது என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தட்டணுக்களுக்குள் வளர்ச்சிக் காரணிகள் என்று சில புரதங்கள் இருக்கின்றன, காயம் பட்ட இடத்தில் அவை வெளியே வந்துதான் புதுத் திசுவையும் ரத்தக் குழாயையும் வளரத் தூண்டும். அதே வேலையை முடி வேரிலும் தோலிலும் செய்ய வைக்க முடியுமா என்பதுதான் யோசனை. இது நேற்று முளைத்த ஃபேஷனும் இல்லை, 1987இல் இத்தாலியில் இதய ஆபரேஷனில் பயன்படுத்தினார்கள், 1998இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் தாடை எலும்பை ஒட்டவைக்கும் இடத்தில் பயன்படுத்தி எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பேசினார்கள்.

ஆனால் அந்தப் பல மடங்கு தானாக வந்துவிடாது. முதல் சுற்றில் வேகம் கூடிவிட்டால் தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு அடியில் போய் உட்கார்ந்துவிடும், மேலே மிஞ்சுவது வெறும் மஞ்சள் தண்ணீர். எந்த மெஷின், எத்தனை சுற்று, எத்தனை நிமிடம், ரத்தம் உறையாமல் இருக்க எந்த மருந்து (ஆன்டிகோஆகுலன்ட்) போட்ட குழாய், எந்த மட்டம் வரை உறிஞ்சி எடுக்கிறோம், எல்லாம் கணக்கு. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்டுக்கு எடுக்கிற ஊதா மூடிக் குழாயில் பிடித்தால் தட்டணுக்கள் வீங்கிப் போகும், பி.ஆர்.பி.க்கு சிட்ரேட் வகைக் குழாய்தான் வழக்கம். சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டை அணுக்களை எண்ணும் மெஷினில் (செல் கவுண்டர்) விட்டால் ஒரு நிமிடத்தில் நம்பர் வந்துவிடும். 6,000 ரூபாய் வாங்கும் இடத்தில் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. டெங்குவில் பிளேட்லெட் இறங்கிய பிள்ளைக்கு இப்போது எவ்வளவு இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பிளேட்லெட் சிகிச்சை என்று ஆரம்பித்தார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மறு வாரம் ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று பதினொன்றரைக்குத்தான் உள்ளே போனோம், கூட்டம் அப்படி. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சா என்பதுதான். டெங்கு என்றதும் தலையாட்டினார். நாற்பது ஐம்பது முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்து, கையோடு வந்த முடிகளின் நுனியை வெளிச்சத்தில் எங்களுக்குக் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ். இது ஓய்வுக்குப் போன முடி, வேர் உள்ளே பத்திரமா இருக்கு, புது முடி வந்து இதைத் தள்ளுது என்றார். பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் என்று உடம்பு அதிர்ச்சியைத் தாங்கும்போது ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திவிடுமாம், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டுமாம். அதனால்தான் காய்ச்சலையும் முடியையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. ரத்தம் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.4, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு, தைராய்டு சரியாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையும் பொறுமையும்தான் மருந்து. ஜூன் மாதம் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முடி எழுந்து நின்றது, எண்ணெய் வைத்தாலும் படியவில்லை. அதைப் பார்த்து அவள் சிரித்ததை நான் மறக்கமாட்டேன்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஆறு சிட்டிங்கை மாதம் ஒன்றாகப் போட்டிருந்தால் பேக்கேஜ் முடிய ஆறு மாதம். ஆறு மாதத்தில் முடி எப்படியும் வந்திருக்கும். முடி வந்ததற்கான நல்ல பேர் ஊசிக்குப் போயிருக்கும். என் மகளின் படமும் முன், பின் என்று அந்தச் சுவரில் தொங்கியிருக்கும், இன்னொரு அம்மா அதைப் பார்த்து 36,000 கட்டியிருப்பார். இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பி.ஆர்.பி.யே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படிப் புரிந்துகொள்ள வேண்டாம். என் அக்கா மகனுக்கு 27 வயது, முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறி, உச்சியில் முடி மெலிந்துகொண்டே போனது. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான். அவன் கோயம்புத்தூரில் தோல் நோய் எம்.டி. படித்த ஒரு டாக்டரிடம் போனான். அவர் முதலில் மினாக்சிடில் என்ற முடி மருந்தைத் தடவச் சொன்னார், முடி உதிர்வைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைட் மாத்திரையின் நல்லது கெட்டது இரண்டையும் விளக்கினார், இதோடு கூட பி.ஆர்.பி. போட்டால் கொஞ்சம் பலன் கூடலாம், விருப்பம் இருந்தால் செய்வோம் என்றார். இருக்கிற முடி தடிக்கும், வழவழவென்று ஆகிவிட்ட இடத்தில் முளைக்காது, மூன்று தடவை போட்ட பிறகும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போட வேண்டிவரும், விட்டால் பழைய நிலைக்கே போகும் என்று பணம் வாங்குவதற்கு முன்னால் சொன்னார். ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார். ரத்தம் எடுத்ததும் லேபிளை ஒட்டி, படிச்சுப் பாருங்க, உங்க பேர்தானே என்று இவன் கையில் குழாயைக் கொடுத்தார்கள் என்று போனில் சொன்னான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தேன், உச்சியில் வித்தியாசம் தெரிகிறது. அவனுக்குத் திருப்தி. ஆண்களுக்கு வரும் இந்த வகை முடி உதிர்வில் பி.ஆர்.பி. பலன் தருவதாக ஆய்வுகள் இருக்கவே செய்கின்றன, ஆனால் ஆளுக்கொரு முறையில் தயாரிப்பதால் ஒரு ஆய்வை இன்னொன்றோடு ஒப்பிடுவது கஷ்டம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

முடி கொட்டுகிறது என்பது ஒரே நோய் இல்லை. வட்ட வட்டமாகப் போவது புழுவெட்டு, அதற்குப் புழு காரணமே இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குவது, அதற்கு வைத்தியம் தனி. தைராய்டில் கொட்டுவது தைராய்டு மாத்திரையில் நிற்கும். முகத்தில் மங்கு என்றாலும் இதே கதைதான். வெயிலும் ஹார்மோனும் காரணமாக இருக்கும், பக்கத்து வீட்டு மதினி மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த க்ரீமை இரண்டு வருடம் பூசி முகத்தோல் மெலிந்து சிவந்துபோய் நிற்கிறார், அவரிடம் போய் பி.ஆர்.பி. போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பார்லரில் சொல்லியிருக்கிறார்கள். பார்லரில். கண்ணைச் சுற்றியும் புருவ நடுவிலும் பி.ஆர்.பி. ஊசி போட்டதில் ரத்தக் குழாய் அடைத்துப் பார்வை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனாலும் புருவம் திருத்துகிற நாற்காலியில் உட்கார வைத்துச் செய்கிற வேலையா இது?

2016இல் சென்னையில் நடந்தது உங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கும். மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படித்த ஒரு பையன், முடி நடும் சிகிச்சை செய்துகொள்ளப் போய் உயிரையே விட்டான். அந்த இடம் வாங்கியிருந்தது சலூன் உரிமம் என்று அப்போது செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கே அந்த நிலைமை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுவதைப் பற்றி வழிகாட்டுதல் கொடுத்தபோது, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாது என்று எழுத்திலேயே எழுத வேண்டியிருந்தது. அப்படியென்றால் எத்தனை பேர் அப்படிச் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கிளினிக் நடத்த 1997ஆம் வருடச் சட்டப்படி பதிவு வேண்டும், அந்தச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருந்தால் நல்லது. டாக்டருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும், அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. காஸ்மெட்டாலஜி டிப்ளமோ என்று சில வாரத்தில் முடிக்கும் படிப்புகள் இருக்கின்றன, அது டாக்டர் படிப்பு ஆகாது. அப்புறம் நம் நாட்டின் 1945ஆம் வருட மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு, எந்த மருந்தும் இதையெல்லாம் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் வழுக்கை இருக்கிறது, புது முடி வளர்வது இருக்கிறது, தோல் சிவப்பாவதும் இருக்கிறது. பி.ஆர்.பி. கடையில் விற்கும் மருந்து இல்லை என்று வாதாடலாம். ஆனால் எந்த விஷயத்தில் மக்கள் எளிதாக ஏமாறுவார்கள் என்று அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

வாசகர்களிடம் எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். போகிறவர்கள் போங்கள், ஆனால் ரத்தம் எடுத்ததும் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். குழாயில் என் பேர் எழுதுங்கள் என்று சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பாருங்கள், சுற்றி வந்த பிறகு அதே பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஊசி போடச் சொல்லுங்கள். கோபப்படுகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அட்வான்ஸ் போனால் போகட்டும். ஏற்கெனவே இப்படிப்பட்ட இடத்தில் போட்டுக்கொண்டவர்கள் பயந்துகொண்டு உட்கார வேண்டாம், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எச்.ஐ.வி.க்கு அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், விவரம் வெளியே போகாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. பணம் வாங்கிப் போட்ட பக்கம் என்றால் விளம்பரம் என்று மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள், கிளினிக்கின் பதிவு எண்ணும் டாக்டரின் பதிவு எண்ணும் இல்லாமல் இந்த மாதிரி விளம்பரத்தை வாங்காதீர்கள். உங்கள் பத்திரிகையில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் இருபது இருக்கும், எங்கள் வீடும் அதில் ஒன்று. இன்னொன்று, அதே இணைப்பில் அதே அளவு இடத்தில், முடி ஏன் கொட்டுகிறது, முதலில் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரித் தோல் நோய் டாக்டர் ஒருவரைக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்குப் படம் வேண்டுமென்றால் உங்கள் நிருபரை எங்கள் லேபுக்கு அனுப்புங்கள். இரண்டு பேர் ரத்தத்தைப் பேர் எழுதாமல் சுற்றி எடுத்துக் கையில் தருகிறேன், எது யாருடையது என்று அவரே சொல்லட்டும். காலையில் ஃபாஸ்டிங் டெஸ்டுக்கு வருகிற கூட்டம் இருக்கும், பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, லேப் டெக்னீஷியன்
பாளையங்கோட்டை